பாட்டில்லாத கேசட்

குமாரபாளையத்தில் சேலம் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விசைத்தறி ஓட்டுகிறவர்கள் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது. மடியிலிருந்த ஒரு கேசட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சங்ககிரி தாண்டியதும் பிடி இறுகியது.

“ஏனுங்க, இது மேலயே பதிஞ்சா பழசு சுத்தமா அழிஞ்சுருமுங்களா?”

“அழியாம? தங்கச்சி நிச்சயத்துக்குச் சேலத்துக் கடையில நாலு சினிமாப் பாட்டுப் பதியோணும். டேப் ரிக்கார்டரோட சும்மா வந்த கேசட்டு இது. இதுல பாட்டா இருக்குது? எவனோ மிசின்ல தட்டுன வெறும் கரண்டுச் சத்தம்.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சனுங்க. மொத நாள் இதைக் கேட்டுப்போட்டு, தறியில குறுக்க ஓடுற நாடா சிக்கிக்கிச்சுன்னு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். தறி நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.”

“தெருவே சிரிச்சுது.”

“சிரிக்கட்டுமுங்க. இப்ப இதைக் கேக்காம இருக்க முடியலீங்க. தறி நாளெல்லாம் ஒரே மாதிரி அடிக்குது. இது அடுத்து எங்க அடிக்கும்னே தெரியாது. எண்ணிக்கிட்டே இருப்பேன்.”

“என்னத்தை எண்ணுவே?”

அவள் கேசட் மூடியில் விரலால் தட்டிக் காட்டினாள். ஏழு தட்டு, ஐந்து தட்டு, மறுபடி ஏழு.

“தப்பு புள்ள,” என்றார் அவர். “ரெண்டாவது ஏழுல கடைசி அடி வராது. அங்க சும்மா உட்டுருவான்.”

அவள் விரல் நின்றது. “நீங்க எப்பங்க கேட்டீங்க?”

“நீ ஊட்டுக்குச் சோறாக்கப் போறப்ப.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எறங்குனதும் மொதல்ல ஒரு புதுக் கேசட்டு வாங்கிப்புடலாம்,” என்றார்.