பையில் இருந்த மூக்கு மருந்து

— இதோட சீலே இன்னும் உடையலம்மா.

— எது தாயி?

— மூக்குல அடிக்கிற மருந்து. உன் பையிலதான் கெடக்கு. இருக்கன்குடி கோயில்ல எனக்கு வலிப்பு வந்ததும் அடிச்சிட்டேன்னு சொன்னியே?

— அடிக்கணும்னுதான் கையில எடுத்தேன், ஹர்ஷினி. ஆத்தா சத்தியமா எடுத்தேன்.

— எடுத்து?

— முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

— எம்புட்டு நேரம் இழுத்துச்சு?

— ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா நின்னுருச்சு.

— அம்மா! மதுரை டாக்டர் உன்னைய உக்கார வச்சுத்தான சொன்னாரு? அந்நேரம் பல்லு கிட்டிரும், மாத்திரை முழுங்க முடியாது. மூக்குல அடிச்சா வெரசா மூளைக்குப் போயிரும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல விட்டா ஆபத்துன்னு. எப்படி அடிக்கணும்னுகூடக் காட்டினாரே.

— எல்லாம் தெரியும் தாயி. மாப்பிள்ளை வீட்டுக்காரக சுத்தி நின்னாக. மருந்தை வெளிய எடுத்தா, என்ன ஏதுன்னு கேப்பாகள்ல?

— கேக்கட்டுமே. நோயைச் சொல்லிட்டுத்தான் தேதி குறிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?

— போன சம்பந்தத்துல சொன்னோமே. வச்ச காப்பியத் தொடாம எந்திரிச்சுப் போனாக. உங்கப்பா ஒரு மாசம் கடைத்தெருப் பக்கமே போகல.

— அதுக்கு?

— இந்தத் தடவையும் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மாப்பிள்ளை மணிகண்டராஜோட அம்மா, "மாரியாத்தா எறங்கிட்டா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாக.

— நீ என்ன செஞ்ச?

— நானும் கும்பிட்டேன்.

— கும்பிட்டியா?

— உன் வாயில நுரை தள்ளுது. அவுக வேப்பிலையக் கொண்டாந்து உன் கையில திணிக்காக. பெத்தவ நான், மருந்தை இடுக்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். வெக்கமா இருக்கு தாயி. உன் மூஞ்சியப் பாக்க முடியல.

— அழாத. அப்பாவக் கூப்பிடு. இன்னைக்கே அவுக வீட்டுக்குப் போயி உண்மையச் சொல்லிருவோம்.

— அப்பா பிரஸ்ஸுக்குப் போயிட்டாக.

— ஞாயித்துக்கெழமை என்ன பிரஸ்ஸு?

— கல்யாணப் பத்திரிகை ஓடுது.

— யாரக் கேட்டு? நான் இன்னும் சரின்னே சொல்லலையே!

— மாப்பிள்ளை வீட்டுக்காரக உன்னையத்தான் கேட்டாக. உன் கால்ல விழுந்து, "ஆத்தா, இந்தக் கல்யாணத்தைத் தையில வச்சுக்கலாமா"ன்னு.

— நெனவில்லாமக் கெடந்தவ என்னத்தச் சொல்லியிருப்பேன்?

— நீ ஒண்ணும் சொல்லல. உன் தலை என் மடியில கெடந்துச்சு. நான்தான் பிடரியப் புடிச்சு ரெண்டு தடவ ஆட்டிவிட்டேன்.