காகிதம் பார்த்த வைத்தியம்

போடியிலிருந்து குரங்கணி போகும் காலை பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பால்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர். மற்றவர் ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்.

"டீச்சர், நீங்க குடுத்த காகிதந்தான் எம்மகளுக்கு வைத்தியம் பாத்துச்சு," என்றார் தோட்டத்து அம்மா.

"என்ன வைத்தியம் ஆத்தா?"

"தை மாசம் அவ சோத்துக்கையில சுடுகஞ்சி கொட்டிருச்சு. புண்ணு ஆறியும் வெரல விரிக்கவே மாட்டேன்னுட்டா. நீட்டிப் பழக்குங்கன்னு டாக்டரு சொன்னாரு. நாங்க தொட்டாலே அழுவா."

"கைய மூடியே வச்சிருந்தாளே, அதா? கூச்சப்படுறான்னுல்ல நெனச்சேன்! பங்குனி வெயில்ல பிள்ளைகள வெளிய விட முடியல. மரமெல்லாம் பூத்துக் கெடக்கே, நாமளும் காகிதத்துல பூவு, பட்டாம்பூச்சி மடிப்போம்னேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

"மடிப்பு படியணும்னா தேய்க்கணும்ல டீச்சர்? அதுக்குத்தான் மொத வெரல நீட்டுனா. பொறவு உள்ளங்கையவே வச்சு அழுத்துனா. கொஞ்சங்கூட அழுகல. இப்ப வீட்டுல ஒரு காகிதம் மிச்சமில்ல, எல்லாம் பட்டாம்பூச்சிதான்."

டீச்சர் சிரித்துவிட்டார். "வலிக்குதுங்கிறாளா?"

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன நாளா எடது கையாலதான் தின்னா. நேத்து அவளே சோத்தப் பெசஞ்சு, அந்தக் கையாலயே எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டா டீச்சர்."