இடது கைக்கு மட்டும்

உக்காருங்க தம்பி, நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. செத்துப்போன எம் புருஷன் ரூர்டோட நூறாவது பொறந்தநாள் கச்சேரி. அதுல அவரு எழுதுன ‘இடது கைக்கு மட்டும்’ பாட்டு முடியுறப்போ, நோட்ல இருக்குற மாதிரி பியானோ மூடிய நானே வந்து அறைஞ்சு சாத்தணும். அதானே? இருங்க, சொல்றேன்.

மேதைதான், யாரு இல்லன்னா? நம்ம ஹாலந்துல, இந்த ஹார்லெம் ஊர்லயே ரூர்ட் பேர்ல தெரு வச்சுட்டீங்க. கோவமா? அத ஏன் கேக்குறீங்க! ஒத்திகைல புல்லாங்குழல்காரன் கொஞ்சம் பிந்திட்டான்னு இரும்பு ஸ்டாண்டத் தூக்கி மூஞ்சிலயே அடிச்சாரு. பல்லு தெறிச்சு விழுந்துச்சு. பேப்பர்காரன் அதுக்குக் கலை வெறின்னு பேரு வச்சான். அந்த வெறிய வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டவ நான்ல?

அக்கம்பக்கமா? பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நம்ம ஊர்ல ஜன்னல் திரைய யாரு இழுத்து விடுறா? எதையோ மறைக்கிறோம்னு ஆயிருமே. என் முடியப் புடிச்சு சுவத்துல மோதுறாரு, எதுத்த வீட்டு தீனெகெ செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறா. மறுநாள் கடைல பாத்து, காத்து ஜாஸ்தியா இருக்குல்லங்குறா.

ம், பாட்டுக்கு வர்றேன். விபத்துல பொண்டாட்டிக்கு வலது கை போச்சு, பிரியத்துல இடது கைக்குன்னே எழுதுனாருன்னு புஸ்தகமெல்லாம் போட்டிருக்கு. நானும் தலையாட்டிட்டேன். கை போனவளுக்குப் போக்கிடம் ஏது? அப்பல்லாம் நான்தான் தம்பி பெரிய பியானோக்காரி. அவர விட எனக்குத்தான் கைதட்டல். அது பொறுக்கல. ஒரு நாள் வாசிச்சிட்டு இருக்கேன், வந்தான், மூடிய ஓங்கி அறைஞ்சான். எலும்பு நொறுங்குன சத்தம் எனக்கே கேட்டுச்சு. இடது கைய உருவிட்டேன், வலது கைய எடுக்க விடல. மேலயே ஏறி உக்காந்துட்டான் பாவி. நான் அடங்குற வரைக்கும் எந்திரிக்கல. எதுத்த வீட்ல தீனெகெ திரைய இழுத்து மூடுனா. அவ வீட்டுத் திரை மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

ஏன் தம்பி தலையக் குனியுறீங்க? நீங்க என்ன பண்ணுனீங்க?

மூடிய அறைஞ்சதுக்கப்புறம் ஒரு நிமிஷம் யாரும் எதுவும் வாசிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கான்ல? போர்ல செத்தவங்களுக்கான மௌனம்னு வருஷா வருஷம் மே நாலாந்தேதி நினைவு நாள் கச்சேரில இத வாசிச்சு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க. அது மௌனம் இல்ல. நான் அலறுன நேரம். அத மட்டும் எழுதாம விட்டுட்டான்.

வர்றேன். மூடிய நானே அறையுறேன். அந்த ஒரு நிமிஷமும் அன்னைக்கு அலறுன மாதிரியே அலறுவேன். தொண்ட இன்னும் நல்லாத்தான் இருக்கு.