கிழக்கு கேலரிக்கு ஒரு பெயர்

எங்கள் மைதானத்துத் தேநீர் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். மௌரீன் ஒரே தேயிலைப் பையை இரண்டு கோப்பைக்கு முக்குவாள். யாரும் குறை சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர். கிளப் அவளுடையது. அவளுடையது, என்னுடையது, சந்தா கட்டும் ஒவ்வொரு ரசிகனுடையதும்.

பழைய கால்பந்து கிளப்பை அதன் முதலாளி ஒரு கோடையில் கலைத்துவிட்டு, மைதானத்தை வீடு கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்று பப்பில் உட்கார்ந்து அழுதவர்களில் நானும் என் நண்பன் ட்ரெவரும் உண்டு. அழுது முடித்ததும் ரசிகர்களைக் கூட்டிப் புதுக் கிளப் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு ஓட்டு, முதலாளி என்று எவனும் கிடையாது. அந்த விதியைச் சொன்னவனே ட்ரெவர்தான். ஊர் ஓரத்து வெற்று மைதானத்தில் கிழக்கு கேலரியை நாங்கள் இருவரும் கையால் கட்டினோம். அந்த வருடம்தான் என் மனைவி பிரிந்து போனாள். நான் உடனே கவனிக்கவில்லை.

சீசனுக்கு முன்பு உறுப்பினர்கள் சேர்ந்து மைதானத்தைப் பழுது பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த முறை ட்ரெவர் ஏணியில் ஏறி கேலரிக் கூரைக்குத் தார் பூசினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

"டேய் கீத், நல்லா புடிடா. நான் விழுந்தா உன்னத்தான் மேல ஏத்துவாங்க. ஏணி பாவம்."

"மூடிட்டுப் பூசுடா."

"பொதுக்குழுல எந்திரிச்சுப் பேசப் போறேன்டா. அந்த கார் வியாபாரி கிளப்பக் கேக்குறான்ல, குடுத்துரலாம். கூரை ஒழுகுது, நமக்கு முட்டி தேயுது. எத்தன நாளைக்கு இப்படி?"

"இது நம்ம கிளப்புடா."

"கிளப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானடா நம்ம கிளப்பு?"

ட்ரெவர் நன்றாகப் பேசுவான். அவன் பேசினால் கைகள் உயரும், பேசாவிட்டால் உயராது. நான் நிதானமாக யோசித்தேன். முதலில் கையை மட்டும் எடுத்தேன். நல்ல ஏணி, அப்படியே நின்றது. ஆகவே காலால் லேசாகத் தள்ள வேண்டியிருந்தது. பிறகு மௌரீனைக் கூப்பிடப் போனேன். நடந்துதான் போனேன், படியெல்லாம் ஈரம், ஓடினால் வழுக்கும்.

எங்கள் உறுப்பினர் இறந்தால் சாம்பலைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் புதைப்போம். ட்ரெவருக்குக் குழி வெட்டியது நான். புல்லைத் தையல் தெரியாமல் திரும்பப் பதித்தேன்.

பொதுக்குழுவில் மௌரீன் எழுந்தாள்.

"கிளப்பக் குடுத்துரலாம்னு ட்ரெவர் என்கிட்டயும் சொன்னான். அவனோட கடைசி ஆச அது. வேண்டாம்னு சொல்ல உங்கள்ல யாருக்காவது மனசு வருமா?"

யாருக்கும் வரவில்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. அவன் உயிரோடு பேசியிருந்தால்கூடப் பாதிப் பேர் எதிர்த்திருப்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் புது முதலாளி கிழக்கு கேலரிக்கு ட்ரெவர் பெயரை வைக்கப் போகிறானாம். நான் அடித்த ஆணிகளின் மேல் ஒரு துரோகியின் பெயர். அவன் செத்தது விபத்தல்ல, தண்டனை என்று ஊருக்குத் தெரிந்தால் அந்தப் பலகை ஏறாது. அதற்காகத்தான் வந்தேன்.

ஏணியைத் தள்ளியது நான்தான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி, இன்ஸ்பெக்டர். பக்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் என்று அன்றைக்குப் பொதுக்குழுவில் நானும் கை தூக்கிவிட்டேன். அதை மட்டும் எழுதாதீர்கள். ஊரில் தலை காட்ட முடியாது.