கோபுரத்து நுனி

அன்புள்ள மச்சாள் பிரதீபாவுக்கு,

உங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நீங்கள் லண்டனிலிருந்து வர முடியாமல் போனதால், வந்தவர்களை முதலில் எழுதுகிறேன். யன்னலோரச் சோபாவில் பங்குச் சுவாமியும் இவருடைய கூட்டாளி நவரட்ணம் அண்ணையும். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக் கௌசியும் மற்றப் பெண்களும். இவருடைய சாய்வுக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. மகன் மிதுனன் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். தேத்தண்ணிக்குப் பொரித்த றோல்ஸ் கொஞ்சம் மிஞ்சியது.

எல்லாருடைய கண்ணும் வேதக் கோயில் படங்கள் தொங்கிய வெறும் சுவரில்தான். "எங்க தங்கச்சி, உங்கட றெமிஜியசின்ர இங்கிலாந்தைக் காணேல்லை?" என்று நவரட்ணம் அண்ணை பகிடி விட்டார்.

"பிரேம் மாத்தக் குடுத்திருக்கிறன் அண்ணை" என்றேன். கல்வெட்டின் அட்டைக்கு அந்தக் கோயில் படத்தைப் போடச் சொல்லி நீங்கள் போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன். அது பொய். நினைவுப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பேர் வைத்தவர்களுக்குத் தெரியாது, கல்லும் நிலைக்காது என்று.

இங்கிலாந்தின் அந்தப் பழைய கோயிலை அவருக்குக் காட்டியதே நீங்கள்தான். லண்டனில் அவர் பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்ற காலத்தில் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து அதன் பழைய படங்களைத் தேடித்தேடி வாங்கினார். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை. முதல் படத்தில் ஊசிக் கோபுரம் இருக்கும். அடுத்ததில் இடி விழுந்து மொட்டை. பிறகு வடக்குச் சுவரில் மரம் முளைத்திருக்கும். கடைசியில் புதுக் கூரை, வண்ணக் கண்ணாடி. கனடா வந்த பிறகும், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வரிசைக்கு முன்னால் நிறுத்தித்தான் கதை.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் செல் குண்டு விழுந்து இடிந்தபோது உள்ளே என் அம்மாவும் இருந்தா. அந்தக் கோயிலின் படம் ஒன்று எங்கேயாவது கிடைக்குமா, தேடித் தாங்கோ என்று ஒருமுறை இவரிடம் கேட்டேன்.

"உது நேற்றுக் கட்டின சீமெந்துக் கோயிலப்பா. உதுக்கென்ன சரித்திரம்?"

நவரட்ணம் அண்ணையும் சிரித்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

பாரிசவாதம் வந்த பிறகு இவருக்குப் பேச்சில்லை. கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன. காலையில் இடக்கையால் சுவரைக் காட்டுவார். மிதுனன் வேலைக்குப் போனதும் ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து முன்னால் இருப்பேன். ஆசைப்பட்டுக் கேட்டதைத்தானே கொடுத்தேன். அவர் சொல்லித் தந்த கதையை ஒன்றும் விடாமல் சொல்வேன். முடிந்ததும் அந்தப் படத்தைக் குசினிக் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டுவேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான். சுகமில்லாத மனிசன் களைக்கக் கூடாது. புதியதிலிருந்து பின்னோக்கிப் போனேன். கண்ணாடி போனது, கூரை போனது, மரம் போனது, மொட்டைக் கோபுரமும் போனது. அவர் கண்ணால் தண்ணீர் ஓடும். பராமரிக்க வரும் பிள்ளை ஷாமிலா, "அங்கிளுக்குக் கண்ணில ஏதோ அலர்ஜி போல, அன்ரி" என்று துளிமருந்து விட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

ஊசிக் கோபுரம் மட்டும் மிஞ்சிய காலையில் இடக்கையால் என் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். பாதி வெட்டும்போது வாய் கோணி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. போன் பக்கத்தில்தான் இருந்தது. தொடங்கிய வேலையை இடையில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. வெட்டி முடித்து, துண்டுகளைப் பொறுக்கி, மேசையைத் துடைத்த பிறகு ஆம்புலன்சுக்கு அடித்தேன். அவர்கள் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

கோபுரத்து நுனியை மட்டும் உங்களுக்கென்று எடுத்து வைத்தேன். இதற்குள் இருக்கிறது, உறையைப் பிரிக்கும்போது விழுந்துவிடும், கவனம்.

இப்படிப் பக்கத்தை விட்டு அசையாமல் புருசனைப் பார்த்த மனிசியைத் தான் கண்டதில்லை என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். ஒரு கடுஞ்சொல்கூட நான் சொல்லவில்லை, மச்சாள்.

முத்திரை ஒட்டியாயிற்று. இனி உறையை மூடி, பிளாசாத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். போன கிழமையும் போனேன். சொல்லப் பாவம் ஒன்றும் இருக்கவில்லை.