வெள்ளியில் ஒரு வேண்டுதல்

தெப்பக்குளம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம்பெண், பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி.

"மாரியம்மனுக்கு வெள்ளியில மார் வாங்கிப் போடுறேன்னு வேண்டியிருக்கேன் மதினி."

"கட்டி இன்னும் உள்ளதானடி இருக்கு?"

"இருக்கட்டுமே. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, சாதாக் கட்டிதான், வெட்ட வேணாம், ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்தாப் போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கள்ல."

"கோயில் வாசக் கடையில கண்ணும் கையும் காலும்தான் தொங்கும். கடைக்கார அண்ணேகிட்ட இத எப்படிக் கேப்ப?"

"மாருன்னுதான் கேப்பேன். வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டு அம்புட்டு நாள் அழுதேன். ஒங்ககிட்டச் சொன்ன அன்னைக்குத்தான் மதினி தூங்குனேன்."

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்குறதுதான் கேக்குற, சத்தமாக் கேளு. பக்கத்துல நிக்கிற பொம்பளப் புள்ளைக காதுலயும் விழட்டும்."