எடை பார்க்கும் அறையில் மனத்தைக் கேட்டவர்

கிந்தா தொழிற்கல்லூரியின் நோயறைத் தாதியாய்ப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி சாரதாதேவி பஞ்சலிங்கம் அம்மையார் அவர்களின் திருமுன், கல்லூரி ஊழியர் அனைவரும் நெஞ்சம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்

அருள் பொலியும் முகத்தவரே! அளந்து பேசி ஆழ்ந்து கேட்கும் அகத்தவரே! பனடோல் மாத்திரையும் பஞ்சும் பிடித்த கையாலேயே பரிதவித்த பிள்ளைகளைப் பற்றி நிறுத்திய பண்பின் நிலையமே! ஈப்போ, மாநகர் என்னும் தகுதி பெற்று மகிழும் இவ்வாண்டிலே, அந்த மகிழ்ச்சியை எங்களால் முழுதாய்க் கொண்டாட முடியாதபடி விடைபெற்றுச் செல்லும் எங்கள் மிஸி அவர்களே! வணங்குகிறோம்.

இத்தகைய மடலில் குணங்களை அடுக்கிச் சொல்வது வழக்கம். அதற்காகவே கூடி உட்கார்ந்தோம். அம்மையாரோ எங்களை அழைத்து, "குணத்தை அடுக்கிறதெண்டா நான் விழாவுக்கு வரமாட்டன். நடந்ததைச் சொல்லுங்கோ. பத்துமலையை விட்டுப்போட்டு என்னைப் புகழக் கூடாது" என்று நிபந்தனை இட்டுவிட்டார். பத்துமலை என்ற அந்த மாணவரின் தாயாரிடமும் அவரே போய்க் கேட்டு வந்தார். "எம்மவன் பேரு எங்கயாச்சும் இருக்கட்டும், சொல்லுங்க மிஸி" என்றாராம் அந்தத் தாய். ஆகவே நடந்ததைச் சொல்கிறோம்.

தைப்பிங்கில் பிறந்து, தாதிப் பயிற்சி முடித்து, ஈப்போ மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தபின், அம்மையார் 1970இல் நம் கல்லூரிக்கு வந்தார். பட்டறைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, இரண்டு காய்ச்சல்மானி. கடைசல் இயந்திரத்தின் இரைச்சல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். வெல்டிங்கில் சுட்டுக்கொண்ட விரல், பந்து விளையாடிப் பிசகிய கால், மழைக்காலத்துக் காய்ச்சல் என்று அவர் நாள் ஓடிற்று. மருந்து கொடுத்து, பதிவேட்டில் எழுதி, அடுத்த பிள்ளையை அழைப்பார். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தார். அப்படியே ஓய்வு பெற்றிருந்தாலும் நல்ல தாதி என்று நாங்கள் மாலை போட்டிருப்போம்.

1973இல் மின்னியல் இரண்டாம் ஆண்டு மாணவர் பத்துமலை அந்த அறைக்கு அடிக்கடி வந்தார். தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து படிக்க வந்தவர். அந்த ஊருக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர். "தலைவலி மிஸி" என்பார். இரண்டு மாத்திரை வாங்கிக்கொள்வார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். தொந்தரவு தராத பிள்ளை. பருவ விடுமுறைக்கு வீடு சென்ற மூன்றாம் நாள், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தது.

கல்லூரியில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு வகுப்புக்குப் போனோம். அம்மையார் மட்டும் தம் அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த ஒரே பருவத்தில் பதினொரு முறை பத்துமலை வந்திருந்தார். பதினொரு முறையும் என்ன மாத்திரை கொடுத்தார் என்பது அழகிய கையெழுத்தில் இருந்தது. ஏன் வலிக்கிறது என்று கேட்டதாக ஒரு வரி கூட இல்லை. இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே எங்களிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியே பேருந்து ஏறினார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பத்துமலையின் தாயார் ராக்காயி அவரைப் பாயில் உட்காரவைத்துக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் கலைந்ததும் அந்தத் தாய் கேட்டார்.

"மிஸி, எம்மவன் ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

சமாதானமாக எதையாவது சொல்லியிருக்கலாம். நல்ல பிள்ளை, எல்லாரிடமும் அன்பாக இருந்தான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மையார் உள்ளதைச் சொன்னார்.

"தலையிடி எண்டு பதினொரு தரம் வந்தவன் அம்மா. நான் மருந்து குடுத்தனான். வேறொண்டும் கேக்கேல்லை."

ராக்காயி கோப்பிக் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நாங்களும் கேக்கலைங்க. படிச்ச புள்ள, அவனுக்கு என்ன கொறைன்னு இருந்துட்டோம்" என்றார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றுமுதல் ஆண்டுதோறும் அம்மையார் அந்த வீட்டுக்குப் போய்வருகிறார்.

திரும்பி வந்தவர் தம் ஆண்டு விடுமுறையை அப்படியே தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் கழித்தார். அடுத்த ஆண்டு விடுமுறையும் அங்கேதான். வயதில் தம்மைவிட இளையவரான ஒரு மருத்துவரின் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணச் சோர்வு எது, நோய் எது, எப்போது கேட்டுக்கொண்டிருந்தால் போதும், எப்போது மருத்துவரிடம் அனுப்பியே ஆகவேண்டும் என்று பாடம் கேட்டார். அந்த மருத்துவர் அவருக்கு முதலில் கற்றுத்தந்தது, பதில் சொல்ல அவசரப்படாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது. "நாப்பது வயசிலதான் அதைப் படிச்சனான்" என்று அம்மையார் சிரிப்பார்.

பிறகு முதல்வரிடம் அனுமதி வாங்கி, தினமும் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு வரை யாரும் வந்து மனம்விட்டுப் பேசலாம் என்று அறிவிப்பு ஒட்டினார். நாற்காலி இரண்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார். மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. வருவார்களா? நம் பேராக் மாநிலத்தில் ஒருவரைப் பழிக்க வேண்டுமென்றால் 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்பதுதானே பேச்சு! ஒருநாள் அவர் கதவில் யாரோ 'தஞ்சோங் ரம்புத்தான் கிளை' என்று சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார்கள். மாணவர் வேலை என்று நினைத்தோம். எழுதியவர் எங்கள் ஊழியர்களில் ஒருவர். அவரும் இம்மடலின் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்.

அம்மையார் அதைத் துடைக்கவில்லை. நின்று படித்தார், யோசித்தார். பிள்ளைகளுக்குப் பேச விருப்பமில்லாமல் இல்லை, அந்தக் கதவுக்குள் நுழைவதை நாலு பேர் பார்ப்பதுதான் பயம் என்பது அவருக்குப் புரிந்தது. எல்லாரும் நுழைந்தால் யார் எதற்காக நுழைந்தார் என்று எவருக்குத் தெரியும்? உடனே அலுவலகத்துக்குப் போய் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று கேட்டார். ஒவ்வொரு மாணவரும் மாதம் ஒருமுறை தனியாக வந்து எடை பார்த்துக்கொள்ள வேண்டும், வராதவர் தேர்வு எழுத முடியாது என்று முதல்வரைக் கொண்டே விதி போடவைத்தார். பிள்ளை இயந்திரத்தின்மேல் ஏறி நிற்கும்போது, முள்ளைப் பார்த்துக்கொண்டே, "நித்திரை வருதோ?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்தக் கேள்வியை மாணவர்கள் உணவகத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பலர் மறுநாள் தனியே வந்து, "இல்ல மிஸி, வரல" என்று சொன்னார்கள்.

1978இல் கட்டட வரைபடப் பிரிவு மாணவி இருளாயி அந்த இயந்திரத்தில் ஏறினார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்லூரிப் படியை மிதித்த முதல் பெண். அவர் கதையை அவரே எங்களுக்கு எழுதி அனுப்பி, "என் பேரையே போடுங்க, மறைக்க ஒன்னும் இல்ல" என்று அனுமதியும் தந்திருக்கிறார். பருவத் தொடக்கத்தில் நாற்பத்தேழு கிலோ இருந்தவர் நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தார்.

"நித்திரை வருதோ பிள்ளை?"

"வருது மிஸி. சும்மா லா, பரீட்சை நேரம்."

அம்மையார் விடவில்லை, துருவவுமில்லை. "நாளைக்கும் வாரும், இந்த மெஷினில எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார். இருளாயி வந்தார். நான்கு நாள் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். அம்மையாரும் பேசாமல் கட்டுத்துணி நறுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் இருளாயி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கணக்குல பெயில் ஆயிட்டேன் மிஸி. வீட்டுக்கு எல்லாம் பாஸ்னு எழுதிட்டேன். தோட்டத்துக் கோயில்ல என் பேருக்கு அர்ச்சனை பண்ணியிருக்காங்க. போர்டுல எழுதறது கண்ணுக்குத் தெரியுது, தலைக்குள்ள போக மாட்டேங்குது. செத்துப்போனா நல்லா இருக்கும்னு தோணுது."

அம்மையார் நறுக்குவதை நிறுத்தினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஓடிப்போய் யாரையும் அழைக்கவில்லை, அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டவுமில்லை. "சொன்னது நல்லது பிள்ளை. எவ்வளவு நாளா அப்பிடித் தோணுது?" என்று கேட்டார். கேட்கவேண்டியதை ஒளிக்காமல் கேட்டார். அன்று மாலை இருளாயியைத் தனியே விடாமல் ஃபேர் பார்க் குடியிருப்பில் இருந்த தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று சோறு போட்டுப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். காலையில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவரிடம் போகலாம் என்றபோது அந்தப் பெண் பின்வாங்கினார்.

"அங்க போனேன்னு தெரிஞ்சா லயத்துல என்னைப் பைத்தியம்னுருவாங்க மிஸி."

"நான் அங்க எத்தினையோ தரம் போய் வந்தனான். என்னை ஆராவது விசரி எண்டு சொன்னவையோ?"

"சொல்றாங்க மிஸி," என்றார் இருளாயி.

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருளாயிக்கும் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்ததாக எழுதியிருக்கிறார். இருவரும் பேருந்தில் போனார்கள்.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வருகை குறைந்ததால் இருளாயியை நீக்குவது என்று ஒழுங்குக் குழு கூடிற்று. மருத்துவர் கடிதத்தை அம்மையார் நீட்டினார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும், சொல்லாவிட்டால் அம்மையாரின் வேலைக்கே உத்தரவாதமில்லை என்றார் குழுத்தலைவர். அம்மையார் எழுந்து நின்றார். கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே படிக்கவைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

"அவ எனக்குச் சொன்னது, சேர். கல்லூரிக்குச் சொன்னதில்லை. டைபாய்டு வந்து படுத்தா லீவு குடுப்பியள்தானே? இதுவும் அதைப்போல ஒரு வருத்தம்தான். லீவு குடுங்கோ. என்னை அனுப்புறதெண்டா அனுப்புங்கோ, அவளை அனுப்பாதையுங்கோ."

குழுத்தலைவர் மருத்துவர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். பிறகு, குழுவிலிருந்த ஒருவர், ஒரு காலத்தில் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதியவர், "விடுமுறை கொடுக்கலாம்" என்று முதலில் கை தூக்கினார். மற்றக் கைகள் மெல்ல எழுந்தன. ஒரு பருவம் விடுமுறை கிடைத்தது.

மகளை அழைத்துப்போக வந்த தந்தை சன்னாசி, ரப்பர்ப் பால் வெட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, "கோயில்ல துன்னூறு போட்டா சரியாப் போயிருமா மிஸி?" என்று கேட்டார். அம்மையார் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, மருந்தும் குடுங்கோ. ரெண்டும் சண்டை பிடிக்காது. ஆனா அவளைத் தனிய விடாதையுங்கோ. பெயிலானதுக்கு ஏசாதையுங்கோ." சன்னாசி தலையாட்டினார். "எம்மவ உசுரோட இருந்தா எனக்கு அதுவே பாஸ்தாங்க" என்றார். வாசலில் நின்ற இருளாயி அதைக் கேட்டார். மருந்தைவிட அந்தப் பேச்சுத்தான் முதலில் வேலை செய்தது என்பது அவர் எழுதியிருப்பது.

அடுத்த ஆண்டு இருளாயி திரும்பி வந்தார். 1981இல் பட்டயம் பெற்றார். இன்று கமுந்திங் தொழிற்பேட்டையில் வரைபடப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவ்வப்போது மனம் இறங்குவதுண்டு என்றும், இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும் என்றும் எழுதியிருக்கிறார்.

எல்லாக் கதையும் இப்படி முடிந்ததென்று சொன்னால் அம்மையார் எழுந்து போய்விடுவார். சொல்லாமல் படிப்பை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாதவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இன்றும் அவர் விசாரிப்பதை நிறுத்தவில்லை. 1983இல் கல்லூரி 'மாணவர் ஆலோசகர்' என்று ஒரு பதவியை ஏற்படுத்தி, இரண்டு விரிவுரையாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பியதும், 1985இல் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டு வீடு வீடாக வேலை போனபோது பிள்ளைகள் நாடி வர ஓர் இடம் இருந்ததும் யாரால் என்பதை நாங்கள் அறிவோம். வீட்டுக் கவலையோடு அந்த இயந்திரத்தின்மேல் ஏறி நின்ற ஊழியர்கள் எத்தனை பேர் என்பதை அம்மையார் மட்டுமே அறிவார். சொல்லமாட்டார்.

மிஸி அவர்களே! நேற்று முதல்வர் தங்களுக்காக ஏற்பாடு செய்த தேநீர் விருந்துக்குத் தாங்கள் வரவில்லை. அரைமணி பார்த்துவிட்டு, கேசரித் தட்டையும் கோப்பியையும் ஏந்திக்கொண்டு நாங்களே தங்கள் அறைக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெல்லிய பேச்சுக் குரல். முதல்வர் உட்பட இருபத்திரண்டு பேர் தாழ்வாரத்தில் நின்றோம். ஒருவரும் தட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டதும் அத்தனை பேரும் எதிர்ச் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த பழைய பேருந்து நேர அட்டவணையைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினோம். காலடி ஓசை எங்களைக் கடந்து படியேறிப் போயிற்று. வந்தது யார், ஆணா, பெண்ணா, எங்களில் எவருக்கும் தெரியாது.

தாங்கள் நூறாண்டு நலமோடும் நல்ல நித்திரையோடும் வாழவேண்டும் என்று இறைவனை இறைஞ்சுகிறோம்.

ஈப்போ
30.11.1988

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
கிந்தா தொழிற்கல்லூரி ஊழியர்கள்